இன்சுலினுக்கு விடைகொடுக்கும் கல்சியம்

சோறோ பிட்டோ இடியப்பமோ உண்டு கைகழுவி எழுந்த சில நிமிடங்களுக்குள் நம்முடைய இரத்தத்திலே சீனியின் அளவு ஏறத் தொடங்குகின்றது. உணவிலுள்ள மாச்சத்து குடலிலே குளுக்கோசு என்னும் எளிய சீனியாக உடைந்து இரத்தத்தோடு கலப்பதே அதற்குக் காரணம். ஆயினும், நலமாக உள்ள ஒருவரிடத்தில் அந்த ஏற்றம் எல்லை கடந்து போவதில்லை. இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையிலே சோதித்தால் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோசு இருக்கும். வயிறார உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அது 140 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது.

இக்கணக்கை இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பது இன்சுலின் என்னும் ஓமோன் என்பதும், அதனைச் சுரப்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையி என்பதும் பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. சதையியைத் தமிழ்நாட்டு நூல்கள் கணையம் என்று கூறும். ஆனால், இதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. சதையிக்குக் கண் இல்லை, நாக்கும் இல்லை. இரத்தத்திலே சீனி ஏறிவிட்டது என்பதை அஃது எவ்வாறு அறிகின்றது? அறிந்தபின், சேர்த்து வைத்திருக்கும் இன்சுலினில் இவ்வளவைத்தான் விடவேண்டும் என்று எவ்வாறு அளந்து விடுகின்றது?

இவ்வினாவுக்கு விடை தேடிய விஞ்ஞானிகள் முடிவில் வந்து சேர்ந்த இடம் பலரும் எதிர்பாராதது. எலும்பையும் பல்லையும் உறுதியாக்கும் பொருள் என்று நாம் படித்திருக்கும் கல்சியமே, இன்சுலினுக்கு விடைகொடுத்து அனுப்பும் அதிகாரியாக அங்கே அமர்ந்திருக்கின்றது. இஃது ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. நீரிழிவுக் குளிசை உண்ணும் முதியவர் ஒருவர் உள்ள வீட்டார் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று இதிலிருந்து பிறக்கின்றது. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு நீரிழிவு கண்டால், அதன் வாழ்நாள் முழுவதையும் மாற்றக்கூடிய அறிவும் இதிலிருந்தே கிடைத்தது. ஆதலால் சற்றுப் பொறுமையோடு இதனைத் தொடர்ந்து படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

சதையியில் உள்ள தீவுகள்

1869 ஆம் ஆண்டிலே, இருபத்திரண்டு வயதும் நிரம்பாத போல் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர் பேர்லின் நகரில் தம் பட்டத்துக்காகச் சதையியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். செரிமான நீரைச் சுரக்கும் கலங்களின் நடுவே, அவற்றினின்றும் வேறுபட்ட சிறு கலக்கூட்டங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதைக் கண்டு எழுதினார். அவை எதற்காக உள்ளன என்பது அவருக்குப் புலப்படவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1889 இல், ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலே மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை நீக்கியபோது அந்நாய்க்குக் கடுமையான நீரிழிவு தோன்றியது. 1893 இல் லகெஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அக்கலக்கூட்டங்களுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள்’ என்று பெயரிட்டார். பின்னர், கனடாவில் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற், கொலிப், மக்லியோட் ஆகியோர் 1921, 1922 ஆம் ஆண்டுகளில் இன்சுலினைப் பிரித்தெடுத்து, மரணத்தின் வாயிலில் நின்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை மீட்ட வரலாற்றை வாசகர் பலர் அறிவர்.

மனிதருடைய சதையியிலே இத்தகைய தீவுகள் ஏறக்குறைய பத்து இலட்சம் உள்ளன. ஆயினும் எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டினாலும் அவை சதையியின் நிறையில் நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கே வரும். ஒவ்வொரு தீவிலும் பல வகைக் கலங்கள் உள. அவற்றுள் இன்சுலினை உண்டாக்குவது பீற்றாக் கலம். இக்கலம் ஒவ்வொன்றினுள்ளும், இன்சுலினை அடைத்து மூடிய சிறுமணிகள் ஏறக்குறைய 10,000 உள்ளன. அவை எல்லாம் ஒரே சமயத்திற் புறப்படுவன அல்ல. சிறு பகுதியே கலத்தின் மென்சவ்வோடு ஒட்டி, புறப்படுவதற்கு ஆயத்தமாய் நிற்கும். ஏனையவை உள்ளே பின்வரிசையிற் காத்திருக்கும். ஆணை பிறந்தால் முன்வரிசை உடனே புறப்படும். பின்வரிசை மெல்ல மெல்ல முன்னே வரும். அந்த ஆணை எங்கிருந்து பிறக்கின்றது என்பதே நம் கேள்வி.

கலத்தின் உள்ளும் புறமும்

கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வு கொழுப்பினால் ஆயது. மின்னேற்றம் பெற்ற அணுக்களை விஞ்ஞானிகள் அயன்கள் என்பர். சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றின் அயன்கள் இக்கொழுப்புச் சுவரை ஊடுருவிச் செல்லமாட்டா. அவை உட்செல்லவும் வெளிவரவும் சுவரிலே புரதத்தினால் ஆகிய நுண்ணிய வாயில்கள் உள்ளன. இவற்றுக்கு அயன் கால்வாய்கள் என்று பெயர். கால்வாய் என்றதும் எப்போதும் நீர் ஓடிக்கொண்டிருப்பது என்று எண்ணிவிடலாகாது. இவை கதவுள்ள கால்வாய்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய அயனையே விடும். தனக்குரிய அடையாளம் கிடைத்தாலன்றித் திறவாது, அல்லது மூடாது.

நம் நாட்டுக் குளம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அணைக்கட்டுக்கு ஒருபுறம் நீர் உயர்ந்து நிற்கின்றது. மறுபுறம் வயல் தாழ்ந்து கிடக்கின்றது. இடையிலே துரிசு மூடியிருக்கின்றது. துரிசைத் திறந்தால் நீரை யாரும் இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. அது தானே பாயும். கல்சியத்தின் நிலையும் இத்தகையதே. பீற்றாக் கலத்தின் வெளியே உள்ள கல்சிய அயனின் செறிவு, உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைக் காக்கும்பொருட்டுக் கலமானது உட்புகும் கல்சியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டும், உள்ளறைகளிலே பூட்டி வைத்துக்கொண்டும் இருக்கின்றது. அதற்காகத் தன் சத்தியைச் செலவிடவும் செய்கின்றது.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். உள்ளே கல்சியம் மிக அரிதாக இருப்பதனாலேதான், சிறிதளவு புகுந்தாலும் அது பேரொலிபோல் உணரப்படுகின்றது. எல்லோரும் கூச்சலிடும் சந்தையில் ஒருவர் அழைப்பது கேளாது. அமைதியான மண்டபத்தில் ஒரு மணி அடித்தால் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். தசை சுருங்குவதற்கும், நரம்பு நுனியில் செய்தி கடப்பதற்கும், இருதயம் துடிப்பதற்கும் இவ்வாறே கல்சியம் மணியடிக்கின்றது. இருதயத்துக்குக் கல்சியம் இன்றியமையாதது என்பதை 1883 இல் சிட்னி றிங்கர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் எடுத்துக் காட்டினார். இலண்டன் நகரக் குழாய்நீரில் கலந்த உப்புக் கரைசலிலே நன்கு துடித்த தவளையின் இருதயம், காய்ச்சி வடித்த நீரிற் கலந்த கரைசலில் ஓய்ந்துபோனது. குழாய்நீரில் இருந்து வடித்த நீரில் இல்லாத பொருள் எது என்று தேடியபோது அகப்பட்டது கல்சியம்.

இனி, கலத்தின் மின்னிலையைப் பற்றியும் ஒரு சொல். பீற்றாக் கலம் ஓய்ந்திருக்கும்போது, வெளிப்புறத்தோடு ஒப்பிட உட்புறம் ஏறக்குறைய 70 மில்லிவோற்று மறையேற்றம் கொண்டிருக்கும். ஒரு கைவிளக்கு மின்கலத்தின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இஃது இருபதில் ஒரு பங்கு அளவே. ஆயினும் கலத்தின் வாழ்க்கையில் இச்சிறு வேறுபாடே பெருங்காரியங்களை நடத்துகின்றது. கல்சியக் கால்வாயின் பூட்டுக்குத் திறவுகோல் இந்த மின்னழுத்தமே. உட்புறத்து மறையேற்றம் குறைந்து ஏறக்குறைய 50 மில்லிவோற்று என்னும் நிலைக்கு வரும்போது கதவுகள் திறக்கத் தொடங்கும்.

சீனி முதல் சிறுமணி வரை

இனிச் சீனியின் பயணத்தைத் தொடர்வோம். இரத்தத்திலே குளுக்கோசு மிகும்போது அது பீற்றாக் கலத்தினுள்ளும் தடையின்றிப் புகுகின்றது. அங்கே குளுக்கோகைனேசு என்னும் நொதியம் அதனை எதிர்கொண்டு முதல் மாற்றத்தைச் செய்கின்றது. உடலின் வேறு பல கலங்களில் உள்ள இதன் இனத்து நொதியங்கள் சிறிதளவு குளுக்கோசிலேயே முழு வேகத்தை அடைந்துவிடும்; அதற்கு மேல் எவ்வளவு சீனி வந்தாலும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. குளுக்கோகைனேசோ, நம் இரத்தத்திற் சீனி வழக்கமாக ஏறி இறங்கும் எல்லைக்குள்ளேயே தன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தொழில்புரிகின்றது. ஆதலால், சதையிக்கு நாக்கு இல்லை என்று மேலே சொன்னோமே, அந்த நாக்கின் வேலையைச் செய்வது இந்நொதியமே எனலாம். இதிலே பிறவிக்குறை இருப்பின் ஒருவகை இலேசான நீரிழிவு குடும்ப வழியாக வரும் என்பது 1992 இல் தெரியவந்தது.

அடுத்த படியில் குளுக்கோசு எரிக்கப்பட்டு, கலத்தின் சத்தி நாணயமாகிய ஏ.ரீ.பீ. என்னும் பொருள் உண்டாகின்றது. சீனி மிகுந்தால் ஏ.ரீ.பீ. மிகும்; சீனி குறைந்தால் அதுவும் குறையும். எனவே, இரத்தத்தில் உள்ள சீனியின் செய்தி இப்பொழுது கலத்தின் உள்ளே ஏ.ரீ.பீ.யின் மொழியில் எழுதப்பட்டுவிட்டது.

இச்செய்தியைப் படிப்பது பொற்றாசியக் கால்வாய் ஒன்று. பசித்திருக்கும் வேளையில் இக்கால்வாய்களிற் போதிய அளவு திறந்திருக்கும். அவற்றின் வழியே நேரேற்றம் கொண்ட பொற்றாசியம் வெளியே கசிந்துகொண்டிருக்கும். நேரேற்றம் வெளியேறுவதனாலேதான் உட்புறம் மறையேற்றமாக நிற்கின்றது. ஏ.ரீ.பீ. மிகுந்து இக்கால்வாயிற் சென்று ஒட்டிக்கொண்டால் கதவு மூடிக்கொள்கின்றது. பொற்றாசியத்தின் கசிவு நின்றதும், வேறு வழிகளிலே சிறிது சிறிதாக உட்புகும் நேரேற்றம் உள்ளே தங்குகின்றது. உட்புறத்து மறையேற்றம் படிப்படியாகக் குறைகின்றது.

அது கல்சியக் கால்வாயின் எல்லையைத் தொட்டதும் அக்கதவு திறக்கின்றது. வெளியே பத்தாயிரம் மடங்காகக் காத்திருந்த கல்சியம் துரிசு திறந்த நீர்போல உள்ளே பாய்கின்றது. மென்சவ்வோடு ஒட்டி நின்ற சிறுமணிகளிலே கல்சியத்தை உணரும் புரதம் ஒன்று உண்டு. அது கல்சியத்தைப் பற்றியதும், சிறுமணியின் உறையும் கலத்தின் மென்சவ்வும் ஒன்றோடொன்று இணைந்து வாய்திறக்க, உள்ளிருந்த இன்சுலின் இரத்தத்திற் கலக்கின்றது. இத்தகைய சிறுமணிகள் கலங்களில் எவ்வாறு ஏற்றி இறக்கப்படுகின்றன என்பதை விளக்கியமைக்காகவே றொத்மன், ஷெக்மன், சூடோவ் என்னும் மூவருக்கு 2013 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். கல்சியக் கதவு திறந்தே கிடப்பதில்லை. சிறிது நேரம் திறப்பதும், மின்னிலை மீண்டதும் மூடுவதும், மறுபடியும் திறப்பதுமாக அலையலையாய் இத்தொழில் நடக்கின்றது. சீனி மிகுதியாக இருந்தால் திறந்திருக்கும் காலம் நீளும், குறைந்தால் சுருங்கும். இன்சுலினின் அளவு இவ்வாறே வரையறை செய்யப்படுகின்றது. பரிசோதனையிலே குளுக்கோசை நேரே நாளத்தில் விரைவாக ஏற்றிப் பார்த்தால், முதற் பத்து நிமிடங்களுக்குள் இன்சுலின் வேகமாக ஓர் எழுச்சி கொண்டு தணியும். பின்னர் இரண்டாவது எழுச்சி மெல்லத் தொடங்கி நீடிக்கும். நடுவயதிற் பெரும்பாலாருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் முதலிற் கெடுவது இந்த முதல் எழுச்சியே. உணவு உண்டபின் சீனி கட்டுமீறி ஏறுவதற்கு அஃது ஒரு காரணம்.

கல்சியம் ஒன்றே யாவற்றையும் செய்துவிடுகின்றது என்றும் கொள்ளலாகாது. உணவு குடலை அடைந்ததும் அங்கே பிறக்கும் சில ஓமோன்கள் சதையிக்குத் தூது வந்து, கல்சியம் இட்ட ஆணைக்கு வலுவூட்டுகின்றன. அதே அளவு குளுக்கோசை நாளத்தில் ஏற்றுவதைவிட வாயால் உட்கொண்டால் இன்சுலின் மிகுதியாகச் சுரப்பதன் காரணம் இதுவே. ஆயினும் கல்சியத்தின் ஆணை இல்லாத இடத்தில் அத்தூதுக்குப் பயன் மிகக் குறைவு.

கண்டறிந்தவர்கள்

ஒரு பந்தியிற் சொல்லி முடிக்கும் இச்செய்தி ஒரு நாளிற் கண்டறியப்பட்டதன்று. 1966 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே குறோட்ஸ்கி, பெனற் என்னும் இருவர் எலியின் சதையியைத் தனியே எடுத்து, அதனூடாகக் கரைசலைச் செலுத்திப் பரிசோதித்தனர். கரைசலிலே கல்சியம் இருந்தபோது குளுக்கோசு இன்சுலினை வெளிவரச் செய்தது. கல்சியத்தை நீக்கியபோது எவ்வளவு குளுக்கோசு கொடுத்தும் சதையி அசையவில்லை. 1968 இல் டீன், மத்தியூஸ் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் சிறுதீவின் கலத்தினுட் செலுத்தி, குளுக்கோசு பட்டதும் அக்கலத்திலே மின்துடிப்புகள் எழுவதைக் காட்டினர். நரம்பும் தசையுமே மின்சாரத்தால் வேலை செய்வன என்று எண்ணியிருந்தோருக்குச் சுரப்பிக் கலமும் அவ்வாறு துடிக்கின்றது என்பது புதுச் செய்தியாயிற்று.

சீனிக்கும் மின்துடிப்புக்கும் இடையே உள்ள பாலம் எது என்பது மேலும் பதினாறு ஆண்டுகள் மறைந்தே இருந்தது. 1976 இல் ஜேர்மனியில் நேயர், சக்மன் என்னும் இருவர், மென்சவ்வின் மிகச் சிறு துண்டைக் கண்ணாடிக் குழாயின் நுனியிற் பற்றி, ஒற்றைக் கால்வாய் திறப்பதையும் மூடுவதையும் அளக்கும் முறையை வகுத்தனர். இதற்காக அவர்கள் 1991 இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையைக் கைக்கொண்டு, 1983 இல் ஜப்பானியராகிய நோமா, ஏ.ரீ.பீ.யினால் மூடப்படும் பொற்றாசியக் கால்வாயை இருதயக் கலத்திலே கண்டார். அடுத்த ஆண்டில், அதாவது 1984 இல், குக், ஹேல்ஸ் ஆகியோர் பீற்றாக் கலத்திலும் அஃது உண்டு என்று காட்டினர். அதே ஆண்டில் பிரான்சிஸ் அஷ்குறொவ்ற் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும், குளுக்கோசு கொடுத்தால் அக்கால்வாய் மூடுகின்றது என்பதைக் கண்ணாரக் காட்டினர். 1995 இல் அக்கால்வாய் இருவகைப் புரதங்களால் ஆயது என்பது வெளிப்பட்டது; அவற்றுள் ஒன்று வாயிலாகவும், மற்றையது அதனைச் சூழ்ந்து நிற்கும் காவலாகவும் அமைந்தது.

குளிசை செய்யும் வேலை

இனி, பலர் வீட்டில் உள்ள மருந்துப் பெட்டிக்கு வருவோம். 1942 இல் பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரிலே ஜான்போன் என்னும் மருத்துவர், நெருப்புக் காய்ச்சல் கண்டவர்களுக்குச் சல்பா வகையைச் சேர்ந்த புதிய மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களிற் சிலர் எதிர்பாராத விதமாக மயக்கமும் வலிப்பும் அடைந்தனர். இரத்தத்திலே சீனி மிகத் தாழ்ந்திருந்ததே காரணம் என்று தெரிந்தது. அவருடைய நண்பராகிய லுபாற்றியே இதனை நாய்களிற் சோதித்து, சதையி உள்ள நாயிலே மருந்து சீனியைக் குறைக்கின்றது, சதையியை நீக்கிய நாயிலே குறைப்பதில்லை என்று நிறுவினார். இவ்வாறு நஞ்சாகத் தோன்றியதிலிருந்து சல்போனைல்யூரியா என்னும் நீரிழிவுக் குளிசைகள் பிறந்தன. ரொல்பியூற்றமைட்டு, கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு ஆகியவை இவ்வினத்தன.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பது 1985 வரை தெளிவாகவில்லை. அவை செய்வது ஒன்றே: பொற்றாசியக் கால்வாயின் காவற் புரதத்திற் சென்று ஒட்டி, அக்கதவை மூடிவிடுகின்றன. கதவு மூடினால் மின்னிலை மாறும். மின்னிலை மாறினால் கல்சியம் புகும். கல்சியம் புகுந்தால் இன்சுலின் வெளிவரும்.

இங்கேதான் வீட்டார் மனத்திற் பதிக்க வேண்டிய எச்சரிக்கை உள்ளது. இயற்கையிலே அக்கதவு மூடுவது சீனி மிகுந்தால் மாத்திரமே. குளிசையோ, சீனி மிகுந்ததா குறைந்ததா என்று கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. முதியவர் காலையிலே வழக்கம்போற் குளிசையை விழுங்கிவிட்டு, விரதம் என்றோ, பசியில்லை என்றோ, வீட்டுவேலை மிகுதி என்றோ உண்ணாதிருந்தால், உணவு வராதபோதும் கல்சியம் பாயும், இன்சுலின் புறப்படும், சீனி அபாயமான அளவுக்குத் தாழும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சிலே தடுமாற்றம், காரணமற்ற கோபம் ஆகியவை இதன் அறிகுறிகள். வயது முதிர்ந்தோரிடத்தில் இவற்றை வெறுந் தளர்ச்சி என்றோ, அறளை என்றோ கருதி விட்டுவிடுவது உண்டு. சிறுநீரகம் பழுதுற்றோருக்குச் சில குளிசைகள் உடலில் நெடுநேரம் தங்குவதனால் ஆபத்து மேலும் மிகும்.

அத்தகைய நிலையில் உள்ளவர் விழுங்கக் கூடியவராயின் சீனி கரைத்த நீரை உடனே பருகக் கொடுத்து, பின்னர் உணவும் கொடுத்தல் வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயிலே எதையும் ஊற்றலாகாது. தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஒருமுறை தெளிந்தாலும், குளிசையின் வேலை முடியும்வரை சீனி மீண்டும் தாழக்கூடும் என்பதனால் கவனித்தே இருத்தல் அவசியம். விரதம் இருக்க விரும்புவோர், நோன்பு நோற்போர், அதற்கு முன்னரே தம் வைத்தியரைக் கண்டு குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுதல் நலம். தாமாகவே குளிசையை நிறுத்துவதும் தகாது. மெற்போமின் என்னும் குளிசை இக்கதவைத் தொடுவதன்று. அது பெரும்பாலும் ஈரலிலே வேலை செய்வது. எந்தக் குளிசை எவ்வினத்தைச் சேர்ந்தது என்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, குறித்து வைத்திருக்கும் வீட்டாருக்கு அவசர வேளையில் அக்குறிப்பு மிகவும் உதவும்.

ஊசியிலிருந்து விடுபட்ட பிள்ளைகள்

சிறுபிள்ளைகளுக்கு வரும் நீரிழிவிலே பெரும்பாலும் பீற்றாக் கலங்களே அழிந்துபோகின்றன. அவர்களுக்கு இன்சுலின் ஊசியன்றி வேறு வழியில்லை. பிறந்து ஆறு மாதங்களுக்குள் நீரிழிவு கண்ட குழந்தைகளையும் மருத்துவ உலகம் நெடுங்காலம் அவ்வினத்திலேயே சேர்த்து, வாழ்நாள் முழுவதும் ஊசி ஏற்றிவந்தது.

2004 இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரைச் சேர்ந்த ஹற்றஸ்லி, குளோயின் முதலான ஆராய்ச்சியாளர், பல நாட்டு மருத்துவரோடு சேர்ந்து இக்குழந்தைகளின் பரம்பரையலகுகளைச் சோதித்தனர். அவர்களிற் பலருக்குப் பொற்றாசியக் கால்வாயின் புரதத்தை உருவாக்கும் பரம்பரையலகிலே ஒரு விகாரம் இருக்கக் கண்டனர். அக்கால்வாய் ஏ.ரீ.பீ. வந்தாலும் மூடாது. ஆகவே இக்குழந்தைகளுக்குப் பீற்றாக் கலம் உண்டு. அதனுள் இன்சுலினும் உண்டு. கல்சியக் கதவும் பழுதின்றி உண்டு. பொற்றாசியக் கதவு மூடாமையால் மின்னிலை மாறுவதில்லை. கல்சியத்துக்கு அழைப்பும் வருவதில்லை. நெற்களஞ்சியம் நிறைந்திருக்க, திறப்பு இல்லாமல் பட்டினி கிடக்கும் வீட்டை ஒத்தது அவர்கள் நிலை.

ஏ.ரீ.பீ. மூட இயலாத கதவைச் சல்போனைல்யூரியா மூடுமா என்று பார்த்தனர், பெரும்பாலாரிடத்தில் மூடியது. 2006 இல் வெளியான அறிக்கையின்படி, இவ்விகாரம் உடைய 49 பேருக்கு இன்சுலினுக்குப் பதிலாக இக்குளிசை கொடுக்கப்பட்டது. அவர்களில் 44 பேர் ஊசியை முற்றாகக் கைவிட முடிந்தது. இரத்தச் சீனியும் முன்னையினும் சீராக நின்றது. நாள்தோறும் பலமுறை ஊசி ஏற்றப்பட்ட பிள்ளைகள், விலை மலிந்த பழைய குளிசையினாலே விடுதலை பெற்றனர். ஆதலால், ஆறு மாதங்களுக்குள் நீரிழிவு காணும் குழந்தை எதுவாயினும் அதற்குப் பரம்பரையலகுச் சோதனை செய்தல் வேண்டும் என்பது இன்று மருத்துவர் ஏற்றுக்கொண்ட விதி. இத்தகைய குழந்தைகள் மிகச் சிலரே. எனினும் அச்சிலரின் பெற்றோருக்கு இச்செய்தி எட்டாதுபோனால் இழப்பு பெரிது. இளமையில் நீரிழிவு கண்டு, இப்பொழுது வளர்ந்து ஆளாகிவிட்டோரும், தமக்கு அந்நோய் ஆறு மாதத்துக்குள் வந்ததாயின் வைத்தியரிடம் அதனைச் சொல்லுதல் தகும். ஆனால், ஏனைய வகைச் சிறுபிள்ளை நீரிழிவுக்கு இது பொருந்தாது. அவர்கள் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும்.

இதற்கு நேர்மாறான பிறவிக்குறையும் உண்டு. சில குழந்தைகளிடத்தில் பொற்றாசியக் கதவு எப்பொழுதும் மூடியே கிடக்கும். அப்போது கல்சியம் ஓயாது பாய, இன்சுலின் ஓயாது சுரந்து, சீனி தாழ்ந்து குழந்தையின் மூளைக்கே கேடு விளையும். அக்கதவைத் திறக்கும் டயசொக்சைட்டு என்னும் மருந்து அவர்களிற் சிலரைக் காக்கின்றது. ஒரே கதவு, திறந்தே கிடந்தால் ஒரு நோய், மூடியே கிடந்தால் மற்றொரு நோய்.

வாசகர் கேட்கக்கூடியவை

கல்சியம் இவ்வளவு செய்கின்றதென்றால், கல்சியக் குளிசையை மிகுதியாக உண்டால் நீரிழிவு தீருமா? தீராது. இரத்தத்திலுள்ள கல்சியத்தின் அளவை வேறு சுரப்பிகள் குறுகிய எல்லைக்குள் காத்து நிற்கின்றன. வெளியே உள்ள கல்சியம் ஏற்கெனவே பத்தாயிரம் மடங்கு மிகுந்திருக்க, அங்கே குறைவு என்பது நீரல்ல, துரிசைத் திறக்கும் ஆணையே. எலும்புக்காக வைத்தியர் கொடுத்தால் கல்சியம் உண்ணலாம். நீரிழிவுக்காக உண்பது வீண்.

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகள் கல்சியக் கால்வாயை அடைப்பன என்கிறார்களே, அவை இன்சுலினையும் அடைத்துவிடாவா? நல்ல கேள்வி. இருதயத்திலும் இரத்தக் குழாயிலும் உள்ள கல்சியக் கால்வாய்களும் பீற்றாக் கலத்தில் உள்ளனவும் நெருங்கிய உறவினரே. வெரப்பமில் போன்ற குளிசைகளை யாராவது தவறுதலாக அளவுக்கு மிஞ்சி விழுங்கிவிட்டால், இரத்த அழுத்தம் வீழ்வதோடு சீனியும் ஏறுவதை மருத்துவர் காண்கின்றனர். இன்சுலின் வெளிவருவது தடைப்பட்டதே அதற்குக் காரணம். ஆனால் வைத்தியர் கொடுக்கும் வழக்கமான அளவில் இத்தகைய தீங்கு பெரும்பாலும் நேர்வதில்லை. நீரிழிவு உள்ளோர் பலர் இக்குளிசைகளை நலமாகவே உண்டு வருகின்றனர். அஞ்சி நிறுத்திவிட வேண்டாம்.

வியப்பான மற்றொரு செய்தியும் உண்டு. அதே வெரப்பமில், புதிதாக முதலாம் வகை நீரிழிவு கண்டோரின் எஞ்சிய பீற்றாக் கலங்களைச் சிறிது காலம் காக்கக்கூடும் என்பதை 2018 இல் வயதுவந்தோரிடத்தும், 2023 இல் 88 சிறுவரிடத்தும் செய்த சோதனைகள் காட்டின. ஓராண்டின் முடிவிலே, மருந்து பெற்ற சிறுவரின் சொந்த இன்சுலின் சுரப்பு, பெறாதவருடையதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மிகுந்திருந்தது. ஓயாது புகும் கல்சியம் கலத்தை நலிவிப்பதும், அதனைத் தணித்தால் கலம் இளைப்பாறுவதும் இதற்குக் காரணமாகலாம் என்று கருதுகின்றனர். இஃது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. இன்சுலினுக்கு மாற்று அன்று.

மாணவர்கள் இதிலே ஒன்றைக் கவனித்தல் நன்று. தவளையின் இருதயத்தையும், எலியின் சதையியையும், கண்ணாடிக் குழாயின் நுனியில் ஒட்டிய மென்சவ்வுத் துண்டையும் ஆராய்ந்தவர்கள், எக்செற்றர் மருத்துவர்கள் கண்ட குழந்தைகளை மனத்தில் வைத்து ஆராயவில்லை. அவர்கள் கேட்டது, இது எவ்வாறு நடக்கின்றது என்னும் கேள்வியை மாத்திரமே. அக்கேள்விக்கு ஒவ்வொருவரும் கொடுத்த சிறு விடைகள் சேர்ந்திராவிடின், 2004 இல் அவ்விகாரத்தைக் கண்டவர்களுக்கு எந்தக் குளிசையை எடுப்பது என்று தெரிந்திருக்க முடியாது. உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் தேர்வுத்தாளில் வெவ்வேறு பாடங்களாக இருக்கலாம். பீற்றாக் கலத்திலே அவை மூன்றும் ஒரே பாடம்.

பெற்றோர்களுக்கும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தாவோ பாட்டியோ நீரிழிவுக் குளிசை உண்பவராயின், இன்றைக்கே அக்குளிசையின் பெயரை எழுதி, அதன் பக்கத்திலே அவர் உணவு உண்ணும் நேரத்தையும் குறித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். குளிசை உண்டாரா என்று கேட்பதோடு, சோறு உண்டாரா என்றும் கேளுங்கள்.